மூன்று முறை நின்ற வண்டி

எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் கார் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. பால்மரத்தில் பட்டை கீறிப் பால் வெட்டுகிறவர்கள் விடிவதற்கு முன்பே ஆள் கணக்குக் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுவார்கள். நான் மட்டும் துரை பங்களாவுக்குப் பின்னால் இருந்த கார் கொட்டகையில் பல்லைக் குத்திக்கொண்டு நின்றிருப்பேன். காக்கிச் சட்டை, தோளில் ஓர் அழுக்குத் துணி. எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்துக்குள் நடக்கும்போதும் அந்தத் துணியைக் கழற்ற மாட்டேன். நான் யார் என்று யாராவது மறந்துவிடப் போகிறார்களோ என்ற கவலை.

தோட்டம் செமோர் டவுனிலிருந்து நாலைந்து மைல் உள்ளே இருந்தது. சண்டை வந்தபோது துரை நல்ல காரில் ஏறித் தெற்கே போய்விட்டார். பழைய கார் கொட்டகையில் கிடந்தது. அது துரையிடம் வந்தபோதே பழையதுதான். பத்து காஜா ஊரில் ஈயச் சுரங்கம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஓட்டித் தீர்த்துவிட்டுத் தள்ளிவிட்ட வண்டி. ஜப்பான்காரன் வந்தவுடன் லாரியையும் சைக்கிளையும் எடுத்துக்கொண்டு போனான். இந்த வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். என் மனைவியைப் பார்த்து யாரோ சிரித்ததைப் போல எனக்குக் கோபம் வந்தது. வாயைத் திறக்க முடியுமா? குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு நின்றேன்.

இரண்டாம் வருஷத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. சுற்றுவட்டாரத் தோட்டங்களை மேற்பார்வையிட ஒரு ஜப்பானிய அதிகாரி வந்தார். ஈப்போவுக்குப் போய்வர அவருக்கு வண்டி இல்லை. துரை போன பிறகு ஆபீஸ் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் கிராணியார் என்னைக் கைகாட்டினார். நான் நாலு நாள் சோறு தண்ணி மறந்து கொட்டகையிலேயே கிடந்தேன். செத்த பாட்டரிக்கு மாற்று கிடைக்காததால் மாக்னெட்டோவைப் பிரித்துத் துடைத்துப் பூட்டி, ஹேண்டில் போட்டுச் சுற்றினால் கிளம்புகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். அதிகாரி ஏறி உட்கார்ந்து தோட்டத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். இறங்கியதும் கிராணியாரிடம் சொன்னார்: டிரைவர் ஒருவன், துணையாள் ஒருவன், இந்த இரண்டு பேரை வேறு எந்த வேலைக்கும் எடுக்கக் கூடாது.

அந்த வார்த்தையின் அருமை தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த சமயம் அது. இத்தனை பேர் வேண்டும் என்று உத்தரவு வரும். கிராணியார் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை. அந்தப் பட்டியலுக்குள் சிக்காத இடம் தோட்டத்தில் இரண்டுதான். ஒன்று எனக்கு. இன்னொன்றுக்கு என் மச்சான் பெயரைக் கொடுத்தேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். தகப்பன் இல்லாத வீட்டில் அவர்தான் தங்கையை எனக்குக் கட்டிக்கொடுத்தார். பிறகு அவருடைய மனைவி காய்ச்சலில் போய்விட, எங்கள் லயத்து வீட்டிலேயே வந்து தங்கிவிட்டார். பால் வெட்டுவதில் கெட்டிக்காரர். காரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. வண்டியை அது, இது என்று சொல்ல மாட்டார். "அவுக இன்னிக்கு ரொம்ப முக்குறாக மாப்ள, தண்ணி கேக்குறாக போல" என்பார். நான் சிரிப்பேன். கொஞ்சம் இளக்காரமாகத்தான் சிரிப்பேன். வண்டி கிளம்ப மறுத்தால் தள்ளுவது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது, மழையில் நனைந்தால் துடைப்பது, இவைதான் அவர் வேலை. இவை எதற்கும் துணையாள் தேவையில்லை என்று அதிகாரிக்கும் தெரிந்திருக்கும். தள்ளும்போது மட்டும் தேவைப்படும். நன்றாகத் தள்ளுவார்.

பெட்ரோல் வாரத்துக்கு ஒரு சின்ன டின் கொடுப்பார்கள். அதில் ஒரு சொட்டு சிந்தினாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். வண்டியின் டாங்கி முன்பக்கத்தில், கண்ணாடிக்குக் கீழே இருக்கும். பெட்ரோல் தானாகவே குழாய் வழியே கீழே இறங்கி எஞ்சினுக்குப் போகும். நான் ஒரு மூங்கில் குச்சியில் கத்தியால் கோடு கீறி, மாலையில் ஒரு தடவை காலையில் ஒரு தடவை டாங்கிக்குள் விட்டு அளப்பேன். ஓடாத நாட்களிலும் கோடு மெல்லக் கீழே இறங்குவது போல எனக்குத் தெரிந்தது. ஒரு நூல் அளவுதான். ஆனால் இறங்கியது.

அந்த வாரத்தில்தான் மச்சான் ஒரு துணி முடிச்சில் அரிசி கொண்டுவந்தார். இரண்டு பிடி இருக்கும். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்று எங்கள் எல்லோருக்கும் முகம் ஊதிப்போயிருந்த காலம். என் மனைவி அரிசியைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தாள். "எங்கேண்ணே கெடச்சிச்சு?" என்று கேட்டாள். "கெடச்சிச்சு லா, ஆக்கு" என்று சொல்லிவிட்டு அவர் கால் கழுவப் போய்விட்டார். நானும் அந்தச் சோற்றைத் தின்றேன். தின்றுகொண்டே கணக்குப் போட்டேன். செமோரில் பெட்ரோலுக்கு அரிசி கொடுக்க ஆள் இருந்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து மனைவியிடம் சொன்னேன்.

"டாங்கியில பெட்ரோல் குறையுது. கொட்டகைச் சாவி என்கிட்டயும் உங்க அண்ணன்கிட்டயும்தான் இருக்கு."

அவள் மரவள்ளி சீவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "அண்ணனையா சொல்றீங்க?"

"நான் யாரையும் சொல்லல. குறையுதுன்னு சொன்னேன்."

அவள் கிழங்கைச் சீவி முடித்தாள். அன்று சாப்பிடும்போது அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்க்கட்டும் என்றுதான் நானும் சொல்லியிருந்தேன்.

அதிகாரிக்கு ஈப்போவில் தன் மேலதிகாரியைப் பார்க்க வேண்டிய நாள் வந்தது. முந்தின நாளே கிராணியார் வந்து, நேரம் தப்பக் கூடாது, மானம் போய்விடும் என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். காலையில் குச்சியை விட்டுப் பார்த்தேன். பாதி டாங்கிக்கு மேல் இருந்தது. ஹேண்டிலை ஒரே சுற்று, வண்டி கிளம்பிவிட்டது. மச்சான் பின்னால் ஏறிக்கொண்டார். அதிகாரி என் பக்கத்தில் வாளை முழங்காலுக்கு நடுவே ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு ராஜா மாதிரி இருந்தது.

ஒரு மைல் போனோம். வண்டி இரண்டு தடவை குலுங்கியது, இருமியது, நின்றது.

வண்டி கிளம்பவில்லை என்றால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். நெருப்பு வருகிறதா, எண்ணெய் வருகிறதா, காற்று வருகிறதா. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. அடிபட்டு நானே கற்றுக்கொண்டது. பிளக் கம்பியைக் கழற்றி இரும்புக்குப் பக்கத்தில் பிடித்தேன், மச்சானைச் சுற்றச் சொன்னேன். நீலமாகப் பொறி பறந்தது. நெருப்பு உண்டு. அடுத்து எண்ணெய். கார்ப்பரேட்டருக்கு வருகிற குழாயை அவிழ்த்தேன். ஒரு சொட்டு வந்தது, நின்றது. டாங்கியில் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திருகித் திறந்து குச்சியை விட்டேன். இருந்தது. திரும்பிக் குழாயை வாயில் வைத்து ஊதினேன். பெட்ரோல் குபுகுபுவென்று வந்து என் சட்டையை நனைத்தது. குழாயில் ஏதோ அடைப்பு, ஊதியதில் போய்விட்டது என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மூடியை மூடினேன், வண்டி கிளம்பியது. ஒன்றரை மைல் போனதும் மறுபடி அதேபோல் இருமி நின்றது.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரோசாக்?" என்று கேட்டார். கெட்டுப்போச்சா என்று அர்த்தம்; மலாயில் அவருக்குத் தெரிந்த சில சொற்களில் அது ஒன்று. "இல்லை துவான், கொஞ்சம்தான், கொஞ்சம்தான்" என்று நான் அவசரமாகத் தலையாட்டினேன். இந்தத் தடவை கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தையே கழற்றினேன். கிண்ணத்தின் அடியில் மூன்று நாலு தண்ணீர் முத்துகள் உருண்டன.

அந்த முத்துகள்தான் என் கண்ணை மறைத்தன. பழைய தகர டாங்கியில் இரவுக் குளிரில் தண்ணீர் வேர்ப்பது சகஜம். அதிலும் மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். அந்த அளவுத் தண்ணீரோடு அந்த வண்டி எத்தனையோ நாள் ஓடியிருக்கிறது. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் என் மனசு ஒரு வாரமாகவே ஒரு பதிலை வைத்துக்கொண்டு, அதற்கேற்ற கேள்வியைத் தேடிக்கொண்டிருந்தது. பெட்ரோலை எடுத்துவிட்டு அளவு தெரியாமலிருக்கத் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். டாங்கி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தண்ணீர் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன மாப்ள, அவுகளுக்கு என்னவாம்?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூடியை மூடிக் கிளப்பினேன். கிளம்பியது. செமோர் கடைத்தெருவுக்குள் நுழைந்து, சந்தைக்கு எதிரே, அத்தனை பேர் பார்க்க மூன்றாம் தடவை நின்றது. அப்போது நான் எதையும் திறந்து பார்க்கவில்லை. கோபத்தில் ஹேண்டிலை மட்டும் சுற்றினேன், சுற்றினேன், கை கொப்பளித்தது. மச்சானைத் தள்ளச் சொன்னேன். சந்தைக்கு வந்திருந்த இரண்டு சீனர்களும் சேர்ந்து தள்ளினார்கள். ஒரு முனகல்கூட இல்லை.

அதிகாரி இறங்கினார். நிதானமாகத்தான் இறங்கினார். என் கன்னத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று அறைந்தார். அந்த வழியாக வந்த பட்டாள லாரியை நிறுத்தி ஏறிப் போய்விட்டார். வலித்ததா என்று நினைவில்லை. சந்தையில் கீரை விற்றுக்கொண்டிருந்த ஒரு பொம்பளை தலையைக் குனிந்துகொண்டது மட்டும் நினைவிருக்கிறது.

வண்டியைத் தோட்டம் வரை தள்ளிக்கொண்டே வந்தோம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பக்கத்தில் நடந்தேன், மச்சான் பின்னால் தள்ளினார். மேடான இடங்களில் அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. அவர் ஒரே ஒரு தடவை, "கன்னம் வீங்கியிருக்கு மாப்ள, வீட்டுல போய் மஞ்ச அரைச்சுப் போடலாம்" என்றார்.

லயத்து வாசலில் வெட்டு முடிந்து திரும்பியவர்கள் நின்றிருந்தார்கள். அங்கே வைத்துக் கேட்டேன்.

"எத்தனை நாளா பெட்ரோல எடுத்துக்கிட்டுத் தண்ணி ஊத்துறீங்க?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. "என்ன மாப்ள சொல்றீங்க?" என்றார்.

"அந்த அரிசி எங்கேருந்து வந்துச்சு? சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் வாசற்படியில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் கை ஓங்கினேன். ஓங்கியதோடு நிற்கவில்லை. ஐந்து வயது மூத்தவர், எனக்குப் பெண் கொடுத்தவர். காலையில் நான் வாங்கிய இரண்டில் ஒன்றை அவரிடம் இறக்கினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, எழுதாமல் விட்டால் இன்னும் கூசும்.

அன்று மாலையே ஆபீஸுக்குப் போனேன். மச்சான் இனி என் வண்டிக்கு வேண்டாம் என்றேன். கிராணியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கோவத்துல பேசுறீங்க. காலையில வந்து சொல்லுங்க லா."

"காலையிலயும் இதையேதான் சொல்வேன், ஐயா."

"பட்டியல்ல ஒரு ஆள் குறையுது. தெரியுமில்ல உங்களுக்கு?"

தெரியும் என்றேன். தெரிந்துதான் சொன்னேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு இடமே இல்லை.

மறுநாள் பெரட்டில் பெயர்களை வாசித்தார்கள். மச்சானின் பெயர் கடைசி. ஒரு சட்டை, ஒரு வேட்டி, ஒரு சாப்பாட்டு மங்கு, இவற்றைத் துண்டில் கட்டிக்கொண்டு மற்றவர்களோடு நடந்தார். செமோரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்லாத் தோட்டத்து ஆட்களையும் அடைத்து வைத்து, இரண்டு நாள் கழித்து ரயில் ஏற்றுவதாகப் பேச்சு. நான் கொட்டகைக்குள்ளேயே இருந்தேன்.

அதிகாரி திரும்பி வருவதற்குள் வண்டியைச் சரி செய்தாக வேண்டும். தண்ணீர் கலந்த பெட்ரோலைப் பிரிக்கலாம் என்று டாங்கியை முழுக்கக் காலி செய்து கண்ணாடிப் போத்தல்களில் ஊற்றி வைத்தேன். தண்ணீர் அடியில் தங்கும், பெட்ரோல் மேலே நிற்கும், கோடு தெரியும். அரை மணி நேரம் காத்திருந்தேன். கோடு எதுவும் இல்லை. ஒரு போத்தலின் அடியில் மட்டும் ஒரு துளி உருண்டது. மற்றதெல்லாம் கலப்பில்லாத பெட்ரோல்.

எல்லாவற்றையும் திரும்ப டாங்கியில் ஊற்றினேன். அவசரத்தில் மூடியைப் போட மறந்து மட்கார்டின் மேலேயே வைத்துவிட்டு ஹேண்டிலைச் சுற்றினேன். கிளம்பியது. நின்ற இடத்திலேயே ஓடவிட்டுப் பக்கத்தில் குந்தினேன். வெகுநேரம் ஓடியது. இருமவில்லை. அப்புறம்தான் மூடியைப் பார்த்தேன். எடுத்துப் போட்டுத் திருகினேன். சற்று நேரத்தில் எஞ்சின் குலுங்கியது, இருமியது, நின்றது. மூடியைக் கழற்றினேன். உள்ளே காற்றை இழுக்கிற ஒரு சின்னச் சத்தம் கேட்டது. மறுபடி சுற்றினேன், ஓடியது.

அந்த மூடியின் நடுவில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்கு அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. மூடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். துளை தெரியவில்லை. ஊசியால் குத்தி இழுத்தேன். பழுப்பு நிறத்தில் ஒரு ரப்பர் நூல் நீண்டு வந்தது. யாரோ ஒரு சொட்டு ரப்பர் பாலை வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் ஆவி பட்டு அது இளகி, துளைக்குள் இன்னும் நன்றாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் மூடியைத் திறந்ததால்தான் வண்டி கிளம்பியிருக்கிறது. நான் அதைக் குழாய் ஊதியதற்கும் கிண்ணம் துடைத்ததற்கும் வரவு வைத்திருக்கிறேன்.

எங்கள் ஆட்கள் எந்தத் துளையைப் பார்த்தாலும் ரப்பர் பாலால்தான் அடைப்பார்கள். ஒழுகுகிற வாளி, கிழிந்த சப்பாத்து, கூரைத் தகரம், மண்பானை விரிசல், எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. மரத்திலிருந்து சும்மா கிடைக்கிறது, காய்ந்தால் தண்ணீர் புகாது. ஒரு பட்டணத்து ஆளுக்கு இந்தப் புத்தி வந்திருக்காது.

வீட்டுக்குப் போனேன். மனைவி கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள், அழுது முகம் வீங்கியிருந்தது. எதையோ தேடுகிறவன் போலக் கேட்டேன்.

"பெட்ரோல் மூடியில பால் வச்சது யாரு?"

"நான்தான். உங்க சாவியை எடுத்துக்கிட்டுக் கொட்டகையைக் கூட்டப் போனப்ப பார்த்தேன். ஓட்டை வழியா வாடை குப்புனு வந்துச்சு. அதுலதான் பெட்ரோல் போகுது, நீங்க அண்ணனைச் சந்தேகப்படுறீங்கன்னு ஒரு சொட்டு வச்சேன்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன், அதனால ஏதும் ஆச்சா?"

அவள் சொன்னதில் பாதி சரி. பகல் சூட்டில் அந்தத் துளை வழியாகத்தான் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டிருந்தது. குச்சியும் கோடுமாக நான் கண்டுபிடிக்காததை அவள் மூக்கால் கண்டுபிடித்திருந்தாள்.

"ஒண்ணும் ஆகல. சும்மா கேட்டேன்" என்றேன்.

அவள் கிழங்கை இலையில் கட்டி, "அண்ணனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்க" என்றாள். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். அவளே ஐந்து மைல் நடந்து போனாள். பொழுது சாயும் நேரத்தில் திரும்பினாள்.

"பெட்ரோல எடுத்தியாண்ணேன்னு கேட்டேன்" என்றாள். "இல்லைன்னு சொல்லலைங்க. வண்டி விஷயம் மாப்ளைக்குத்தான் தெரியும், அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொன்னாரு. அப்புறம் உங்களுக்குத் தள்ள ஆள் கெடச்சிச்சான்னு கேட்டாரு."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அவளிடமும் சொல்லியிருக்க வேண்டும், கிராணியாரிடமும் ஓடியிருக்க வேண்டும். காரணம் சொல்லாமலே, "எனக்கு ஆள் வேண்டும், திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்டிருக்கலாம். அதிகாரியின் வண்டிக்கென்றால் கொடுத்திருப்பார்கள். ஆனால் நான் உட்கார்ந்து யோசித்தேன். வண்டியைக் கெடுத்தது என் மனைவியின் கை என்று தெரிந்தால் ஜப்பான்காரன் அவளைச் சும்மா விடுவானா என்று யோசித்தேன். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அதற்குப் பின்னால் வேறொன்று இருந்தது. லயத்து வாசலில் அத்தனை பேர் முன்னால் அடித்த ஆளை அத்தனை பேர் முன்னால் கூட்டிக்கொண்டு வர வேண்டும். நான் தப்பாகப் பார்த்துவிட்டேன், வண்டியையும் தப்பாகப் பார்த்தேன், மனுஷனையும் தப்பாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு நாக்கு வரவில்லை. இன்னும் ஒரு நாள் இருக்கிறதே, காலையில் போகலாம் என்று படுத்தேன்.

காலையில் எழுந்து, வண்டியைத் துடைத்து, முகம் மழித்து, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். முகம் மழித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. வண்டி வழியில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தின் கதவு திறந்து கிடந்தது. ஒரு கிழவர் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். விடியலிலேயே ரயில் ஏற்றிவிட்டார்களாம், ஒரு நாள் முன்னதாக.

சண்டை முடிந்து எங்கள் தோட்டத்துக்கு மூன்று பேர் திரும்பி வந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு மட்டும் மச்சானை நினைவிருந்தது. ஏதோ ஒரு முகாமில் காலராவாம். எந்த இடம் என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை. அந்த வருஷமே செமோரில், காய்கறித் தோட்டம் வைத்திருந்த ஒரு சீனர் என்னை நிறுத்திக் கேட்டார். "உங்க மச்சான் எங்கே? சாயங்காலம் வந்து பாத்திக்கு உர வாளி தூக்குவாரே, நல்ல ஆள் லா, அரிசிதான் கேப்பாரு." தங்கையின் புருஷன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நடக்கிற தோட்டத்தில், தான் மலவாளி தூக்கியதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். எனக்காகக் கூச்சப்பட்டிருப்பார். அதையும் நான் வீட்டில் வந்து சொல்லவில்லை.

ஏன் என்று கேட்டால் என்னிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. அண்ணனைக் காப்பாற்ற வைத்த சொட்டுதான் அவரை அனுப்பியது என்று தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள். முப்பது வருஷம் அந்தப் பதிலை வைத்து ஓட்டினேன். தோட்டம் கைமாறி, நாங்கள் குனோங் ராபாட்டுக்கு மகன் வீட்டுக்கு வந்தபோதும் அதையே கொண்டுவந்தேன். அவளுக்காகத்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே பாராட்டு வேறு. அவளை எதிலிருந்து காப்பாற்றினேன் என்பதை மட்டும் யோசித்தேன். அவளிடம் எதை விட்டுவைத்தேன் என்று யோசிக்கவே இல்லை.

கடைசி மாதத்தில் அவளுக்கு எழுந்து உட்கார முடியவில்லை. ஒரு மத்தியானம், வீட்டில் வேறு யாரும் இல்லை, கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கரண்டிக்கு மேல் வேண்டாம் என்று கையால் தள்ளினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்ங்க. இத்தன வருஷமா கேக்க பயமா இருந்துச்சு."

கேள் என்றேன்.

"எங்க அண்ணன் பெட்ரோல எடுத்தது தப்புதான். நீங்க அடி வாங்குனதும் அவராலதான். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா பசியில செஞ்சிட்டாருங்க. எனக்குச் சோறு போடத்தான் செஞ்சிருப்பாரு." மூச்சு வாங்கினாள். "போய்ச் சேர்ந்தவரு. இனிமேலாவது அவரை மன்னிச்சிருங்க. நான் போறதுக்கு முன்னாடி உங்க வாயால ஒரு தடவை கேட்டுட்டுப் போறேன்."

கரண்டி கையில் இருந்தது. சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான், ஜப்பான்காரன் இல்லை, கிராணியார் இல்லை, லயத்து ஆட்கள் யாரும் இல்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுட்டேன்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து, நன்றி சொல்கிறவளைப் போலக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.